எத்தனை பாயிண்ட் பார்த்தீங்க?

ஊட்டி போய்விட்டு வந்தால் ஊரில் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பதிலும் தயாராக இருக்கும்: பொட்டானிகல் கார்டன், ரோஸ் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, பைக்காரா, சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ். ஒரே நாளில் ஏழு. கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி.

அந்த நாளைக் கொஞ்சம் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். கோவையில் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 10 மணிக்கு வீடு வந்து சேர்ந்தால் மொத்தம் 17 மணி நேரம். ஊட்டி 86 கி.மீ. போக 3 மணிக்கு மேல், வர 3 மணிக்கு மேல். ஆறரை என்று வையுங்கள். பைக்காரா போய்வர ஒன்றரை. குன்னூர் டவுனிலிருந்து டால்பின் நோஸ் போகும் ரோடு குறுகல், அதற்கும் ஒன்றரை. ஊட்டிக்குள் நெரிசல், பார்க்கிங் தேடுவது, டிக்கெட் வரிசை எல்லாம் சேர்த்து 3. சாப்பாடு, டீக்கு 2. மிச்சம் இரண்டரை மணி நேரம். ஏழு இடத்துக்குப் பங்கு போட்டால் தலைக்கு இருபது நிமிடம் சொச்சம். அதிலும் பாதி, யாரும் குறுக்கே வராத ஒரு போட்டோவுக்குக் காத்திருந்தே போய்விடும்.

மலைப் பயணத்துக்கு நான் வைக்கும் கணக்கு ஒன்றுதான். சக்கரத்தின் மேல் எத்தனை மணி, தரையில் எத்தனை மணி? இரண்டும் சமமாக வந்தாலே பயணம் தேறிவிட்டது. மேலே சொன்ன நாளில் ஒன்பதரைக்கு இரண்டரை. பாயிண்ட் பார்ப்பவர், காரில் சுற்றுபவர், பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறவர், ஒரே ரூமில் கிடந்து ஓய்வெடுப்பவர் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கணக்கு கெடும் இடம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

பாயிண்ட் பார்ப்பதைக் கேலி பேசுவது இப்போது ஒரு ஃபேஷன். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வயதான அம்மா அப்பாவைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குக் கூட்டி வருகிறவருக்கு அதுதான் சரியான முறை. கார் வாசல் வரை போகும், உட்கார பெஞ்ச் இருக்கும், கழிப்பறை இருக்கும். கெடுப்பது எண்ணிக்கையும் திசையும்தான். பைக்காரா ஊட்டிக்கு மேற்கே கூடலூர் ரோட்டில், குன்னூர் தென்கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் டவுன் நெரிசலை இரண்டு தடவை கடக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு ரோடு, அதில் மூன்று இடம், அவ்வளவுதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும், ஆகவே அதைக் காலையில் முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பொட்டானிகல் கார்டன் 1848-ல் மெக்கைவர் என்ற தோட்டக்கலை நிபுணரின் கையில் உருவானது. சரிவில் படிப்படியாக மேலே ஏறும் 22 ஹெக்டேர். வருகிறவர்களில் பெரும்பாலோர் கீழ்ப் புல்வெளியோடு திரும்பிவிடுகிறார்கள். மேலே போனால் இரண்டு கோடி வருஷம் பழமையானது என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரத்துண்டு இருக்கிறது, அதைத் தாண்டினால் கூட்டமே கிடையாது. டாக்ஸி டிரைவரிடம் முதல் நாள் இரவே மூன்று இடத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மதியம் சாப்பிட்டு வெளியே வரும்போது, "சார், அப்படியே பைக்காரா போட்டுடலாமுங்களா?" என்பார். அவர் நல்லதுக்குத்தான் கேட்கிறார். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

எந்த மாதம் வருகிறோம், மலையின் எந்தப் பக்கம் தங்குகிறோம் என்பதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பாதிப் பயணம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. நீலகிரி ஒரே மலை என்றாலும் மழைக்கு அது இரண்டு மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தை அடிக்கும்: தேவாலா, கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி. அதே வாரத்தில் தொட்டபெட்டா மலைத்தொடருக்குக் கிழக்கே கோத்தகிரியில் வெறும் தூறலும் குளிர்காற்றுமாக இருக்கும், சில நாள் வெயில்கூட அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவில் கொட்டும். மண் சரிவதும் ரோடு அடைபடுவதும் மலை ரயில் நிற்பதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தது இந்த மழையில். ஆக, ஜூலையில் லீவு கிடைத்தால் கோத்தகிரி. நவம்பரில் கிடைத்தால் ஊட்டிக்கு மேற்கே தங்குங்கள், அல்லது பயணத்தை ஜனவரிக்குத் தள்ளிப்போடுங்கள். ஆகஸ்டில் அவலாஞ்சிப் பக்கம் ரூம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணமில்லாமல் இல்லை.

ஜனவரியில் உறைபனி பார்க்க வருகிறவர்கள் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் மாதிரிப் பள்ளமான புல்வெளிகளுக்குப் போக வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் ரிசார்ட்டில் பனி இல்லாத அதே காலையில் கீழே புல் வெள்ளையாகக் கிடக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவாக இருக்க வேண்டும். வெயில் பட்டு அரை மணி, முக்கால் மணியில் எல்லாம் தண்ணீர்.

மே மாதம் மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி என்று கோடை விழா நடக்கும். பூவுக்காக வருகிறவர்கள் மே மாதம் வரட்டும். மற்றவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் செகண்ட் சீசன் என்று சொல்லும் செப்டம்பர் கடைசி நல்லது. பூங்காவில் மறுபடி பூ வந்திருக்கும், கூட்டம் குறைவு.

ரயிலுக்கு வருவோம். பயண நேரமே பயணத்தின் நோக்கமாகிவிடுவதால், என் கணக்கு அடிபட்டுப்போவது இங்கே மட்டும்தான். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி 46 கி.மீ. தூரத்தை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது. குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் பாதை திறந்தது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு வரை சமதளம், சாதாரண ரயில். அதற்குப் பிறகுதான் விஷயமே. 12 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏறும் சரிவில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரட்டைப் பட்டை ஓடுகிறது. இரண்டு பட்டையின் பற்களும் நேருக்கு நேர் இருக்காது, ஒன்றின் பல்லுக்கு எதிரே மற்றதன் பள்ளம் வரும். இன்ஜினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லைப் பிடித்தபடியே இருப்பது இதனால்தான். இன்ஜினில் நான்கு சிலிண்டர்: இரண்டு வழக்கமான சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரங்களுக்கு. முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியே பற்சக்கர ஜோடிக்கும் போகிறது. கல்லாறு தாண்டியதும் இன்ஜின் சத்தம் மாறுவதைக் கவனித்துக் கேளுங்கள்.

இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன் திண்ணையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். முன்னாலிருப்பவர் காட்டும் கொடி ஒவ்வொரு கையாக மாறிப் பின்னால் டிரைவர் வரை போகும். ஹில்குரோவ், ரன்னிமேடு மாதிரி ஸ்டேஷன்களில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். பெரியவர்கள், குழந்தைகள் கழிப்பறை வேலையை அந்த நிறுத்தங்களில் முடித்துக்கொள்வது நல்லது. இறங்கும்போது தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். ஹில்குரோவ் குரங்குகளுக்குப் பாக்கெட் பிரிக்கும் சத்தம் நன்றாகத் தெரியும்.

டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், விடுமுறைக் காலத்தில் திறந்த வேகத்தில் தீரும். கிடைக்காதவர்கள் குன்னூர்–ஊட்டி ரயிலில் ஏறித் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போகும் அழகான பாதைதான். ஆனால் அதில் டீசல் இன்ஜின், பற்சக்கரம் கிடையாது. மேலே விவரித்தது எதுவும் அங்கே நடக்காது. ஏறும்போது ரயில், இறங்கும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஏற்றத்தில்தான் இன்ஜின் உழைப்பது தெரியும். அக்டோபர்–டிசம்பரில் டிக்கெட் எடுத்திருந்தால் அன்று பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாகலாம் என்பதை மனதில் வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறினாலும் அன்றைய திட்டம் குலையாதபடி மதியத்தைக் காலியாக விடுங்கள்.

சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு முதல் வேலை இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டி ஏற இணையத்தில் எடுக்கும் அனுமதி. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இது தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் செக்போஸ்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். "திரும்பி வரும்போது குன்னூர் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போட்டவர்கள் அப்போது மாட்டிக்கொள்வார்கள்.

காட் ரோட்டில் ஏறுவது பெரிய வித்தையில்லை. இறங்குவதில்தான் தவறு நடக்கிறது. ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும்: செங்குத்தான இடத்தில் இரண்டு, கொண்டை ஊசியில் இரண்டு அல்லது ஒன்று. மூன்றில், நான்கில் விட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கருகல் வாசனை வரும். அது பிரேக் பேட் சூடேறிப் பிடியை இழக்கிற நேரம். அதற்கும் மேல் போனால் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விழும். குமிழி அழுந்தும், ஆயில் அழுந்தாது, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வாசனை வந்தவுடன் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் லீவரை எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள், டி-யிலேயே விட்டால் வண்டி தானாக மேல் கியருக்குப் போய்விடும். கியரில்லாத ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி வேகம் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பு போய்விடும். அவ்வப்போது லேசாகத் திருகிக் கொடுத்தால் மறுபடி பிடிக்கும்.

ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலையின் வழக்கம். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போதும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் தூரம் அதிகமானாலும் கூடலூர் வழியாகவே போகட்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை ரோடு மூடியிருக்கும். காட்டு ரோட்டில் யானையைப் பார்த்து வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்களைப் பற்றி எழுத இந்தப் பதிவில் இடமில்லை.

வயிறு குமட்டுகிறவர்கள் கிளம்ப அரை மணி முன்பே மாத்திரை போட வேண்டும். மூன்றாவது வளைவில் போட்டால் அது வெளியேதான் வரும். வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்லி, முன் சீட், குழந்தை கையில் போன் இல்லை. இது போதும்.

பஸ்ஸில் சுற்றுகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம், அவர்கள் பக்கம்தான் எனக்குச் சாய்வு. சக்கரத்தில் அதிக நேரம் போவது உண்மை. ஆனால் ஓட்டுகிற கவலை இல்லை, ஜன்னல் உயரம், பக்கத்து சீட்டில் கேரட் மூட்டையோடு ஒரு படுகர் அம்மா. ஊட்டியிலிருந்து மஞ்சூர், அங்கிருந்து தாய்சோலை வழியாகக் கிண்ணக்கொரை என்று போகும் ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை முடிந்து காடு, காடு முடிந்து தேயிலை, கடைசியில் ரோடே முடிந்துவிடும். இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, "அண்ணா, திரும்ப எத்தனை மணிக்குங்க?" என்று கண்டக்டரைக் கேட்பது. இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பிப் போகாதீர்கள். நாளுக்குச் சில பஸ்கள்தான், ஒன்று விட்டால் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கையில் சில்லறை, ஒரு பன், குடை. மழைக் காலமானால் ஏறும்போதே கதவுப் பக்கத்து சீட்டைத் தவிர்த்துவிடுங்கள், ஷட்டரை எவ்வளவு இறக்கினாலும் சாரல் முழங்கால் வரை நனைக்கும்.

நடக்க வருகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், தேயிலைத் தோட்டத்துப் பாதைக்குத் தோட்டக்காரர் அனுமதி வேண்டும். இரண்டாவது, காட்டுமாடு. குன்னூர், கோத்தகிரித் தேயிலையில் அது சாதாரணமாக மேயும், டவுன் தெருவுக்கும் வரும். சாதுவாக நிற்பதைப் பார்த்து போனோடு நெருங்குகிறவர்கள்தான் முட்டுப்படுகிறார்கள். முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், அது போக ஒரு வழியைத் திறந்து வையுங்கள். மூன்றாவது, மாலை 6 மணிக்கு மேல் ரோட்டு நடை வேண்டாம். கரடி வரும், சிறுத்தை வரும், அவற்றுக்கு அது வழக்கமான நேரம். கோத்தகிரி லாங்வுட் சோலையில் பறவை பார்க்க விடிந்த முதல் இரண்டு மணி நேரம் போதும். மழை நாளில் அட்டைக்குக் காலுறையை பேன்ட்டின் மேல் இழுத்துவிட்டு உப்புத் துணி ஒன்று வைத்துக்கொண்டால் ஆயிற்று.

கடைசியாக, எங்கேயும் போகாமல் காட்டேஜ் எடுத்துத் தங்குகிறவர்கள். கணக்குப்படி இவர்களுக்குத்தான் முதலிடம். இவர்களின் தொல்லை சமையலறையில் ஆரம்பிக்கும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கர் கட்டாயம், அரிசியை அரை மணி ஊறவையுங்கள், பருப்புக்கு இரண்டு விசில் கூட்டிக்கொள்ளுங்கள். டீத்தூளையும் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிட்டால்தான் சாரம் இறங்கும். பக்கத்து பேக்கரியில் வர்க்கி வாங்கி வந்தால் காலை டிபன் வேலை மிச்சம். புக் செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வெந்நீர் எந்த நேரம் வரும், கார் வாசல் வரை வருமா, கம்பளி எத்தனை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் பன்னிரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருக்கும், கோவை வெயிலில் பெட்டி கட்டும்போது அது நினைவுக்கு வராது. ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது; பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரி அடுப்பையோ கணப்பையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கரி புகையில்லாமல் கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. இந்த மலையில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வெளியே உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டு, நெருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் ஊட்டியிலிருந்து மாலை 4 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வெளிச்சத்தில் காட் ரோட்டை முடித்துவிடலாம். ஜூன், ஜூலை வாக்கில் வந்திருந்தால் பர்லியாறு கடைகளில் மங்குஸ்தான் வாங்கவும் நேரம் கிடைக்கும். அழுத்தினால் லேசாகக் குழிகிற பழமாக எடுங்கள். கல் மாதிரி கெட்டியாக இருப்பது உள்ளே காய்ந்து போனது.